கூலி கொடுத்தாயிற்றா?



ஆலயச் செய்திமடலுக்குக் கட்டுரை ஒன்று தாருங்கள் என்று மடற் குழுவினர் கேட்டபோது, கணக்காளன் எழுதினால் வருமானவரி பற்றித்தான் எழுதுவான் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். வருமானவரி பற்றி மாசி மாதத்தில் எழுதுகிறேன். இம்முறை எனது வீட்டுப் பின்புறத்தில் நடந்த ஒரு சிறு கட்டட வேலையையும், அதனால் என் மனதில் எழுந்து இன்றுவரை முற்றாகத் தீராத ஒரு கேள்வியையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். கேள்வி இதுதான். ஒரு வேலைக்குப் பேசிய பணத்தைப் பேசியபடியே ஒப்பந்தகாரரிடம் கொடுத்துவிட்டோம். அவர் தனது கூலியாளுக்குக் கொடுக்கவில்லை. அந்தக் கூலியாளுக்கு நாம் கடன்பட்டவர்களா, இல்லையா?

புளோரிடாவில் வாழும் எங்களுக்கு நுளம்பைப் பற்றி எவரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. பொழுது சாய்ந்த பின் வளவுக்குள் கதிரை போட்டு இருக்க முடியாது. அதனால்தான் இங்கே பல வீடுகளுக்குப் பின்னால் அலுமினியச் சட்டங்களை நிறுத்தி, சுற்றிவரவும் மேலும் வலை அடித்த கூடு ஒன்று நிற்கிறது. அதற்குள் இருக்கும் இடத்தை இவ்வூரார் லனாய் என்பார்கள். அது ஹவாய் மொழிச் சொல்லாம். எனது தாயார் அதை விறாந்தை என்றே சொல்லுவார். சாவகச்சேரிப் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டு விறாந்தையில் அறுபது வருடம் இருந்து, தெருவால் போவோர் வருவோரை விசாரித்துப் பழகியவர் அவர். 2017இல் இங்கு வந்து சேர்ந்தபின் அவருக்கென்று மிஞ்சியது அந்த வலைக் கூடு ஒன்றுதான். தெரு தெரியாது. பின்வீட்டு வேலியும் இரண்டு அணில்களுமே தெரியும். ஆனாலும் அது விறாந்தை.

2022 செப்டெம்பர் இறுதியில் இயன் சூறாவளி வந்தபோது ஒர்லாண்டோப் பக்கத்தில் வெள்ளம்தான் பெரிய அழிவு. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. முன்னைய உரிமையாளர் எப்போதோ கட்டிய வலைக் கூடு மாத்திரம் ஒரு பக்கமாகச் சரிந்து, வளைந்த குடைக் கம்பிபோலக் கிடந்தது. வீட்டுக் காப்புறுதிகளில் பல வலைக் கூட்டைச் சேர்ப்பதில்லை. என்னுடையதும் அப்படித்தான். ஆகவே கைக்காசில் கட்டவேண்டியதாயிற்று.

இங்கே இந்தக் கூடு கட்டுவது விளையாட்டு வேலையல்ல. 1992இல் அன்ட்ரூ சூறாவளி தென் புளோரிடாவை அழித்த பின்னர், மாநிலம் முழுவதற்குமான ஒரே கட்டட விதிக்கோவை உருவாகி 2002இல் நடைமுறைக்கு வந்தது. 2004இல் சார்லி, பிரான்சஸ், ஐவன், ஜீன் என்று ஒன்றன்பின் ஒன்றாக நான்கு சூறாவளிகள் வந்தபோது வலைக் கூடுகள் ஏராளமாக விழுந்தன. அதன்பின் அலுமினியக் கூடுகளுக்கான விதிகளும் இறுகின. எத்தனை அடிக்கு ஒரு தூண், எத்தனை அங்குலத்துக்கு ஒரு திருகாணி, சீமெந்துத் தளத்துக்குள் எவ்வளவு ஆழத்துக்கு ஆணி இறங்கவேண்டும் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்கவேண்டும். கவுண்டி அலுவலகத்தில் அனுமதி எடுக்கவேண்டும். முடிந்தபின் பரிசோதகர் வந்து பார்க்கவேண்டும்.

நான் நான்கு பேரிடம் விலை கேட்டேன். பழைய கூட்டை அகற்றி, தளத்தை 6 அடி நீட்டி, 24 அடிக்கு 16 அடியில் புதிதாகக் கட்ட இருவர் முறையே 18,300 டொலர், 17,900 டொலர் என்றார்கள். மூன்றாமவர் 14,800. நான்காமவர் 12,500. ஆனால் அவர் காசாகத் தரச் சொன்னார். அனுமதியையும் என் பெயரிலேயே எடுக்கச் சொன்னார். "வீட்டுக்காரர் தானே கட்டுவதாக எழுதிக்கொடுத்தால் போதும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார். இதில் கவனமாக இருங்கள். சொந்த வீட்டில் தானே வேலை செய்பவருக்காகச் சட்டம் விட்டுவைத்த வழி அது. உரிமம் இல்லாதவர் அதற்குள் ஒளிந்து வேலை செய்தால், பிழையாகக் கட்டினாலும் கூலியாள் விழுந்து கால் முறிந்தாலும் பொறுப்பு கையெழுத்து வைத்த உங்களுடையது. அதைவிட, செய்யாத ஒன்றைச் செய்வேன் என்று எழுதிக்கொடுக்கும் பொய்யும் அதில் இருக்கிறது. நான் அவரை அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு, மூன்றாமவரைத் தெரிவு செய்தேன். குறைந்த விலையை மறுத்த நல்லவன் என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. 17,900க்கும் 14,800க்கும் இடையிலுள்ள 3,100 டொலர் எங்கிருந்து குறைந்தது என்று நான் கேட்கவில்லை. நாளெல்லாம் மற்றவர்களின் கணக்கில் இப்படியான வித்தியாசங்களைத் தேடிப் பிடிப்பதே எனது தொழில். என் சொந்தக் கணக்கில் தேடவில்லை.

மற்றைய எல்லாவற்றையும் நூல் பிடித்ததுபோலச் செய்தேன். மாநிலத் திணைக்களத்தில் அவரது உரிம இலக்கத்தைச் சரிபார்த்தேன். முற்பணம் பத்து வீதத்துக்கு மேல் கொடுக்கவில்லை. (பத்து வீதத்துக்கு மேல் வாங்கினால் 30 நாட்களுக்குள் அவர் அனுமதிக்கு விண்ணப்பிக்கவேண்டும் என்பது இங்குள்ள சட்டம்.) வேலை ஆரம்ப அறிவித்தலைக் கவுண்டிப் பதிவாளரிடம் பதிந்தேன். அலுமினியம் கொடுத்த கம்பனி பதிவுத் தபாலில் எனக்கொரு அறிவித்தல் அனுப்பியபோது பயப்படவில்லை. அது மிரட்டல் அல்ல, "நாங்களும் இந்த வேலையில் இருக்கிறோம், எங்களுக்குப் பணம் வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற நினைவூட்டல். வீடு கட்டும் அன்பர்கள் அந்தக் கடிதத்தைக் குப்பையில் போடாதீர்கள். ஒவ்வொரு தவணைக்கும் அவர்களிடமிருந்து விடுவிப்புக் கடிதம் வாங்கிய பின்பே காசோலை எழுதினேன். கடைசிக் காசோலைக்கு முன், எல்லோருக்கும் கொடுத்தாயிற்று என்று ஒப்பந்தகாரர் சத்தியக்கூற்று எழுதி நொத்தாரிசு முன் கையெழுத்து வைத்தார். அந்தக் கடதாசி இன்றும் என் கோப்பில் இருக்கிறது.

இவ்வளவும் ஏன் என்றால், இங்கே கட்டட வேலையில் பற்றுரிமை என்று ஒன்று உண்டு. பொருள் கொடுத்தவருக்கோ வேலை செய்தவருக்கோ கூலி கிடைக்காவிட்டால், அவர் உங்கள் வீட்டு உறுதியின்மேல் தனது உரிமையைப் பதியலாம். நீங்கள் ஒப்பந்தகாரருக்கு ஒரு சதம் பாக்கியில்லாமல் கட்டியிருந்தாலும், உரிய கடதாசிகள் இல்லாவிட்டால் இரண்டாம் முறையும் கட்டவேண்டி வரலாம். தவறினால் வீடு ஏலத்துக்கும் போகலாம். இப்படியொரு சட்டம் முதன்முதலாக அமெரிக்காவில் 1791இல் மேரிலாந்து மாநிலத்தில் இயற்றப்பட்டது. வாஷிங்டன் நகரைக் கட்டத் தொடங்கிய காலம் அது. நம்பி வேலைக்கு வர ஆட்கள் தேவைப்பட்டார்கள். கொடுத்த உழைப்பைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போக முடியாது, ஆகவே அந்தச் சுவரே அவனுக்கு ஈடாக நிற்கட்டும் என்பதுதான் அதன் உள்ளே இருக்கும் நியாயம். எனக்கு அது முதலில் அநியாயமாகப் பட்டது. இரண்டு முறை கட்டுவதா என்று.

2023 மார்ச் மாதம் வேலை நடந்தது. மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் இளையவர் குவாத்தமாலா நாட்டவர். சதுரக் குழாய்களை அளந்து வெட்டுவார். இரண்டு பாதிகளை ஒன்றாகப் பொருத்தித் திருகாணி போட்டு உத்தரம் செய்வார். கடைசியில் வலையை விரித்து, சட்டத்தின் தவாளிப்புக்குள் றப்பர்க் கயிற்றைச் சிறு உருளையால் அழுத்திக்கொண்டே போவார். வலை முரசுத்தோல்போல விறைப்பாக நிற்கும். சாதாரண வலையில் ஓர் அங்குலத்துக்கு ஒரு பக்கம் 18 இழை, மறுபக்கம் 14 இழை. கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகளையும் தடுக்க வேண்டுமென்றால் 20க்கு 20. அம்மாவுக்காக நான் 20க்கு 20 கேட்டிருந்தேன். அம்மா அவருக்கு இஞ்சி போட்ட தேநீர் கொடுப்பார். அவர் ஸ்பானிய மொழியில் ஏதோ சொல்லுவார், அம்மா தமிழில் பதில் சொல்லுவார். இருவருக்கும் எல்லாம் விளங்கியதுபோலத்தான் இருந்தது.

மார்ச் 14ஆம் திகதி வேலை முடிந்தது. பரிசோதகரும் வந்து சரி என்றார். நான் கோப்பை மூடினேன்.

யூலை 4ஆம் திகதி, விடுமுறை நாள், காலை பத்து மணியளவில் கதவு தட்டப்பட்டது. அந்த இளைஞர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எனது 12 வயது மகள் பாடசாலையில் ஸ்பானிய மொழி படிக்கிறாள். அவள் மொழிபெயர்த்தாள். ஒன்பது நாள் கூலி, நாளுக்கு 150 டொலர், இன்னும் கிடைக்கவில்லை. ஒப்பந்தகாரர் அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டு இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. அலுவலகமும் பூட்டிக் கிடக்கிறது. அந்த யூலை 1ஆம் திகதிதான் இம்மாநிலத்தில் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. தெரிந்தவர்கள் பலர் வேறு மாநிலங்களுக்குப் போகிறார்கள், தானும் தமையனும் அந்தச் சனிக்கிழமை ஜோர்ஜியாவுக்குப் போவதாகச் சொன்னார். போகுமுன் கேட்டுப் பார்க்கலாம் என்று வந்தாராம்.

"ஒரு நிமிடம்" என்று சொல்லி நான் உள்ளே போனேன். எதற்குப் போனேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொன்னால்தான் இக்கட்டுரைக்கு அர்த்தம். கோப்பை எடுத்து நாட்களை எண்ணினேன். கூலியாளும் பற்றுரிமை பதியலாம், அவர் முன்னறிவித்தல்கூட அனுப்பத் தேவையில்லை. ஆனால் கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் பதியவேண்டும். 90ஆம் நாள் யூன் 12. அன்றைக்கு 112ஆம் நாள். 22 நாள் பிந்திவிட்டது. எனக்குள் பெரிய ஆறுதல் ஒன்று வந்தது. அத்தோடு என் குறிப்பேட்டில் அவர் வேலைக்கு வந்த நாட்கள் எட்டு. அவர் ஒன்பது என்கிறார். ஆகவே இவர் பொய்யும் சொல்கிறார் என்ற இரண்டாவது ஆறுதலும் கிடைத்தது.

வெளியே வந்து, "நான் ஒப்பந்தகாரருக்கு முழுவதும் கட்டிவிட்டேன், அவரிடம்தான் கேட்கவேண்டும் என்று சொல்லு" என்றேன். மகள் என்னைப் பார்த்து, "நான் இதைச் சொல்ல வேணுமா அப்பா?" என்று கேட்டாள். "சொல்லு" என்றேன். சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். வாதாடவில்லை. ஒரு கடைச் சிட்டையின் பின்பக்கத்தில் தனது தொலைபேசி இலக்கத்தை எழுதித் தந்துவிட்டுப் போனார்.

அம்மா விறாந்தையிலிருந்து கேட்டார்: "அந்தப் பெடியன் என்னத்துக்குத் தம்பி வந்தவன்?"

சொன்னேன்.

"அப்ப அவனுக்கு ஆர் குடுக்கிறது?"

சட்டத்தை விளக்கத் தொடங்கினேன். 90 நாள், சத்தியக்கூற்று, விடுவிப்புக் கடிதம்.

"நான் சட்டத்தைக் கேக்கேல்லை. ஆர் குடுக்கிறது எண்டு கேட்டனான்."

எட்டு நாள் வேலைக்கு ஒன்பது நாள் கேட்கிறான் என்று நான் சொன்னதும் அம்மா யோசித்தார். "ஞாயிற்றுக்கிழமையையும் சேத்தனியோ? நீங்கள் எல்லாரும் கோயிலுக்குப் போன பிறகு அவன் தனிய வந்து பழைய கம்பியெல்லாம் வானிலை ஏத்தினவன். நான் புட்டு அவிச்சுக் குடுத்தனான்." என் குறிப்பேட்டில் ஞாயிறு இல்லை. நான் வீட்டில் இருந்த நாட்களைத்தான் குறித்திருந்தேன்.

நிற்க. இனி நான் கேள்விக்கு வருகிறேன். ஒரு பக்கத்து நியாயம் பலமானது. வாக்கு என்பது கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையிலானது. நான் வாக்குக் கொடுத்தது ஒப்பந்தகாரருக்கு. அந்தத் தொழிலாளிக்கு வாக்குக் கொடுத்தவர் ஒப்பந்தகாரர். நான் என் வாக்கைக் காப்பாற்றினேன், அவர் தன் வாக்கை மீறினார். மற்றவர் மீறிய வாக்குக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? 1494இல் வெனிஸ் நகரில் லூக்கா பச்சியோலி இரட்டைப் பதிவு முறையை அச்சிற் பதித்த காலந்தொட்டு, ஒவ்வொரு சென்மதிக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்குக் கட்டியதும் கணக்கு மூடப்படும். இப்படி மூடாவிட்டால் வியாபாரமே நடக்காது. தேங்காய் வாங்கும்போது, அதைப் பறித்தவனுக்குக் கூலி கொடுத்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

ஆனால் இந்த நியாயத்தை நான் முன்பும் ஒரு முறை கேட்டிருக்கிறேன். மறுபக்கத்தில் நின்று.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் பட்டம் பெற்ற நான் 2007இல் இந்த நாட்டுக்கு வந்து தஞ்சம் கோரினேன். தஞ்சம் கோருபவருக்கு வேலை அனுமதி கிடைக்க அன்றைய விதிப்படி குறைந்தது 180 நாட்கள் காத்திருக்கவேண்டும். அந்த நாட்களில் எதைத் தின்பது என்று விதியில் எழுதியிருக்கவில்லை. வடக்கே ஓர் உணவகத்தின் பின்னறையில் ஆறு கிழமை கோப்பை கழுவினேன். கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டவர் எம்மவர். முதலாளியும் எம்மவர். முதல் மூன்று கிழமைச் சம்பளம் வந்தது. அடுத்த மூன்று கிழமை வரவில்லை. கேட்டபோது முதலாளி சொன்னார்: "உன்ர காசை அவரிட்டைக் குடுத்திட்டன், அவரைக் கேள்." அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். உண்மையாகவே கொடுத்திருப்பார். அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்னால் பேருந்துச் சீட்டு வாங்க முடியவில்லை. பதினாறு வருடம் கழித்து அதே வசனத்தை என் மகளின் வாயால் இன்னொருவருக்குச் சொல்லுவித்தேன். அன்றிரவு அது நினைவுக்கு வந்தபோது எழுந்து விறாந்தையில் போய் இருந்தேன். நுளம்பு ஒன்றும் இல்லை. நல்ல வேலைதான் செய்திருக்கிறார்.

அங்கே இருந்துகொண்டு நான் எடுத்த முற்காப்புகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். உரிமம், அறிவித்தல், விடுவிப்புக் கடிதம், சத்தியக்கூற்று. இவை ஒவ்வொன்றும் "நான் இரண்டு முறை கட்டவேண்டி வருமா?" என்ற கேள்விக்கு விடை. "அவருக்கு ஒரு முறையாவது கிடைக்குமா?" என்று கேட்கும் கடதாசி ஒன்றுகூடக் கோப்பில் இல்லை. தினமும் என் வளவுக்குள் நின்ற மனிதரிடம், "கிழமைச் சம்பளம் வந்ததா?" என்று கேட்க ஒரு நிமிடமும் மகளின் ஸ்பானிய மொழியுமே போதுமாயிருந்தது. நான் கடதாசியைக் கேட்டேன், ஆளைக் கேட்கவில்லை.

வாக்கு நியாயத்தில் ஓர் ஓட்டை இருப்பதும் அப்போது புலப்பட்டது. ஒருவர் கேளாமலே வந்து என் வேலிக்கு வர்ணம் பூசிவிட்டுக் கூலி கேட்டால் நான் கடன்பட்டவன் அல்ல. உண்மை. ஆனால் இவர் கேளாமல் வரவில்லை. எனக்கு வேலை வேண்டும் என்று நான் சொன்னதால்தான் வந்தார். இடையில் ஒருவரை நிறுத்தியது நான். நான்கு பேரைப் பார்த்து அந்த ஒருவரைப் பொறுக்கியதும் நான். அந்தத் தெரிவில் தொழிலாளிக்கு எந்தப் பங்கும் இல்லை. தெரிவு செய்தவன் தெரிவின் இலாபமாகிய 3,100 டொலரை எடுத்துக்கொள்கிறான், நட்டம் மாத்திரம் தெரிவு செய்யாதவன் தலையில் விழுகிறது. எந்தக் கணக்கிலும் இதை நான் சரி என்று ஒப்பமிட்டிருக்க மாட்டேன்.

அம்மா புட்டு என்று சொன்னதும் உங்களுக்கும் வந்தியின் கதை நினைவுக்கு வந்திருக்கும். ஆவணி மூலத்தில் நாம் கேட்கும் கதைதான். வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கொரு பங்கு என்று பாண்டியன் கட்டளையிட்டான். ஆளில்லாத கிழவி வந்திக்கு ஒரு கூலியாள் கிடைத்தான். கூலி உதிர்ந்த பிட்டு. அவன் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை, ஆடிப்பாடித் திரிந்தான் என்பதைப் புராணமே ஒத்துக்கொள்கிறது. அப்படியிருந்தும் வந்தி கூலியை நிறுத்தவில்லை, தன் கையாலேயே கொடுத்தாள். அரசனோ கரையின் அளவைப் பார்த்தான், பிரம்பை எடுத்தான். கூலியாள் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. பிரம்படி எல்லோர் முதுகிலும் விழுந்த அற்புதத்தைத்தான் நாம் வழக்கமாகப் பேசுகிறோம். இம்முறை எனக்கு உறைத்தது வேறு. என் அம்மா வந்தியின் இடத்தில் நின்று பிட்டுக் கொடுத்திருக்கிறார். நான் கரையை அளக்கும் இடத்தில் நின்றேன்.

என் மனைவி இந்தக் கதையால் மசியவில்லை. அவரது எதிர்வாதத்தை ஒளிக்காமல் எழுதுவதாக வாக்களித்திருக்கிறேன். "நீங்கள் ரெண்டாந்தரம் குடுத்தால் அது அந்தக் கள்ளனுக்கெல்லே வெற்றி? கூலியை விழுங்கினால் வீட்டுக்காரர் குடுப்பினம் எண்டு அவன் அடுத்த இடத்திலையும் இதைத்தான் செய்வான். பிள்ளையின்ர படிப்புக்கு வைச்ச காசு அது." இதில் பாதி சரி. நான் கொடுப்பதால் ஒப்பந்தகாரரின் குற்றம் தீர்ந்துவிடாது. மாநிலத் திணைக்களத்துக்கு முறைப்பாடு அனுப்பினேன். தொழிலாளிக்கும் 1938ஆம் ஆண்டின் மத்திய சம்பளச் சட்டத்தின்படி முதலாளிமேல் வழக்குத் தொடுக்க இரண்டு வருடம் உண்டு. எவரிடம் என்ன பத்திரம் இருக்கிறது என்பது அதற்குத் தடையல்ல. ஆனால் ஊரைவிட்டுப் போகப் பொதி கட்டுபவரிடம் வழக்குப் பற்றிப் பேசுவது, பசித்தவனிடம் விதைநெல் கொடுப்பதுபோலத்தான்.

மனைவியின் இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. "நாங்கள் போடுற சேட்டைத் தைச்சவைக்கும் ஆரும் ஒழுங்காய்க் குடுத்திருக்க மாட்டினம். அவைக்கும் கட்டப் போறீங்களோ?" 2013 ஏப்ரல் 24ஆம் திகதி டாக்காவுக்கு அருகில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். அங்கே தைத்த உடுப்புகள் மேலைநாட்டுக் கடைகளுக்கு வந்தன. எங்கள் அலுமாரிகளிலும் இருந்திருக்கலாம். அதற்கு நாம் கடன்பட்டவர்கள் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் கடன் எவ்வளவு, எவருக்கு, எப்படிக் கட்டுவது என்றும் சொல்ல முடியாது. இந்த இளைஞரின் விடயத்தில் அந்தத் தெளிவின்மை இல்லை. தொகை தெரியும். ஆளைத் தெரியும். தொலைபேசி இலக்கம் மேசைமேல் இருக்கிறது. அவர் கட்டியதற்குள் நாங்கள் தேநீர் குடிக்கிறோம். கொடுக்கவேண்டியவர் ஓடிவிட்டார், மிச்சமிருப்பது நான். தூரத்துக் கடனைக் கட்ட முடியவில்லை என்பது பக்கத்துக் கடனைக் கட்டாமல் விடுவதற்குக் காரணம் ஆகுமா? அருகில் இருப்பதாலேயே கடன் கூடுமா என்று திருப்பிக் கேட்டால் என்னிடம் முழு விடை இல்லை. மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த இலக்கத்துக்கு அழைத்தோம். அவர்கள் அப்பொப்காவில் இருந்தார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். வானில் மெத்தை, சமையல் பாத்திரம், ஏணி எல்லாம் ஏறியிருந்தன. 1,350 டொலரைக் கடித உறையில் கொடுத்தேன். தொழிற் பழக்கத்தில் பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டு போயிருந்தேன், கையெழுத்து வைக்கச் சொல்லி. அவர் சீட்டைப் பார்த்தார், தமையனைப் பார்த்தார், பேனாவை வாங்கவில்லை. பெயர் எழுதப்பட்ட கடதாசி எதுவும் அப்போது அவர்களுக்குப் பயம். எனக்குத் தெரிந்த பயம்தான் அது. சீட்டை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

அவர் நன்றி சொன்னார். இரண்டு மூன்று முறை சொன்னார். அதுதான் எனக்கு ஒருமாதிரி இருந்தது. தருமம் கொடுத்திருந்தால் நன்றியை ஏற்றுக்கொள்ளலாம். கடனைப் பிந்திக் கொடுத்தவன் மன்னிப்பல்லவா கேட்கவேண்டும்? "பிந்தினதுக்கு மன்னிக்கச் சொல்லு" என்று மகளிடம் சொன்னேன். இம்முறை அவள் என்னைப் பார்க்காமலே மொழிபெயர்த்தாள்.

வீட்டுக்கு வந்து கணக்குப் புத்தகத்தைத் திறந்தபோது, எந்தத் தலைப்பில் எழுதுவது என்ற கேள்வி வந்தது. கணக்காளனுக்குத் தத்துவம் வருவது இந்த இடத்தில்தான். மனைவி "தருமம் எண்டு எழுதுங்கோ" என்றார். கும்பாபிஷேக நிதிக்கு நாங்கள் கொடுத்தது அந்தத் தலைப்பில்தான் இருக்கிறது. அதற்குக் கல்லில் பெயரும் வெட்டியிருக்கிறார்கள். நான் யோசித்துவிட்டு, விறாந்தைச் செலவு என்ற தலைப்பின் கீழ் எழுதினேன். 14,800 என்றிருந்தது 16,150 ஆயிற்று. அந்தக் கூட்டின் விலை தொடக்கத்திலிருந்தே குறைந்தது 16,150தான். நான்தான் 14,800 என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒப்பந்தகாரர் பெயரில் 1,350 வருமதி என்றும் எழுதி, வருட முடிவில் அறவிடமுடியாக் கடன் என்று வெட்டிவிட்டேன். "எந்தப் பக்கத்திலை எழுதினாலும் காசு போனது போனதுதான்" என்றார் மனைவி. அவர் இன்றும் தன் கருத்தை மாற்றவில்லை.

இதை இங்கே எழுதக் காரணம் ஒன்றுண்டு. எமது ஆலய அன்னதான மடத்தின் சமையற்கட்டை நீட்டிக் கட்டுவதற்கு விலை கோரப்பட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். கட்டடக் குழுவில் நானும் இருக்கிறேன். வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் கூலி கொடுக்கப்பட்டதற்கான பட்டியலை ஒப்பந்தகாரர் கிழமைதோறும் காட்டவேண்டும், குழுவில் ஒருவர் கிழமைக்கு ஒரு முறையாவது வேலையாட்களிடமே நேரில் கேட்டறியவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கும்படி கேட்டிருக்கிறேன். குழுவில் இரு கருத்து. இப்படிக் கேட்டால் குறைந்த விலைக்காரர் வரமாட்டார், அடியார்களின் பணம் கூடுதலாகச் செலவாகும் என்கிறார்கள் சிலர். அவர்கள் சொல்வது பொய்யல்ல, செலவு கூடத்தான் செய்யும். அடுத்த பொதுக்கூட்டத்தில் இது வாக்கெடுப்புக்கு வருகிறது. எனது மனைவியும் வருவார், எனக்கு எதிராகப் பேசுவார் என்று எதிர்பார்க்கிறேன். நீங்களும் வாருங்கள்.